பத்து நிமிஷக்காரர்

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டிக்கொண்டே மேட்டில் ஏறுகிறார். திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் யாரோ, "இன்னும் எவ்வளவு சார்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி எதுவானாலும் பதில் அந்தப் பத்து விரல்தான். "பத்தே நிமிஷம். அந்த வளைவு தாண்டினா முடிஞ்சுது." அந்த வளைவுக்குப் பின்னால் இன்னொரு வளைவு இருக்கும். அதற்கும் பத்து நிமிஷம்தான்.

ஊர் எல்லையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் தேசியப் பூங்கா. ஞாயிறுதோறும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய், உச்சிப் பாறையிலிருந்து ஏரியைக் காட்டி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு அனுப்பி வைப்பது அவருடைய வேலை. சம்பளமில்லாத வேலை. யாரும் கொடுக்காத வேலையும்கூட. மற்ற நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

கடையில் அவரைப் பார்த்தவர்கள் மலையில் பார்த்தால் இவர் வேறு யாரோ என்றுதான் நினைப்பார்கள். ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் இடையே அளவுகோலை வைத்து, "அறுபத்து மூணரை" என்பார். அந்த அரை மில்லிமீட்டரை விடவே மாட்டார். "அரைதானே சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. அரைக்கு எவ்வளவு தலைவலி வரும் என்று ஒரு பாடமே நடத்தி முடித்துவிட்டுத்தான் ரசீது போடுவார். தன் மனைவியின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "எனக்கும் நல்லாத்தான் தெரியுது" என்று யாராவது சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அடுத்தவங்க அளவை எடுத்து உங்க மூஞ்சியில மாட்டினா கண்ணு தெரியாது சார், தலைதான் சுத்தும்!"

இப்பேர்ப்பட்ட மனிதர் மலைக்குப் போகும்போது வாட்ச் கட்டுவதில்லை. கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டு, அதற்கு மேல் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிவிடுவார். தன்னைத் தாண்டி ஒருவரையும் முன்னால் போக விடமாட்டார். போனால் பாதை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தெரிந்துவிடுமே. கேட்டால் அதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்திருக்கிறார்: "தூரம் காலுக்குத் தெரியாதுங்க. காதுலதான் ஏறும். ரெண்டு மணி நேரம்னு சொல்லிப் பாருங்க, வாசல்லயே எல்லாருக்கும் முட்டி வலிக்கும்."

அவர் காட்டிய ஏரியைப் பார்த்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. பார்க்காதவர் ஒரே ஒருவர். அவர் மனைவி.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், கல்யாணமான இரண்டாவது மாதம், அவரையும் கூட்டிக்கொண்டு போனார். புதுச் செருப்பு. வாசலிலிருந்து பத்து நிமிஷம், பாலத்திலிருந்து பத்து நிமிஷம், விழுந்த மரத்திலிருந்து பத்து நிமிஷம். பாறைப்படி தொடங்கும் இடத்தில் செருப்பு அறுந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. புதுப்பெண் ஒரு கல்லில் உட்கார்ந்து, "உங்க பத்து நிமிஷத்துல ஒரு பிள்ளையைப் பெத்துப் பேரும் வெச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கிப் போய்விட்டார். அதோடு சரி. கரடியாய்க் கத்தியும் அந்த அம்மாள் மசியவில்லை. ஞாயிறு மாலைகளில் அவர் ஏரியின் நிறத்தை வர்ணிக்க ஆரம்பித்தால், "குழம்பைச் சுட வைக்கட்டுமா?" என்று அந்த அம்மாள் கேட்பார். ஊருக்கெல்லாம் காட்டியதைச் சொந்தப் பெண்டாட்டிக்குக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் மனிதருக்கு உள்ளூர இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் மகள் படிக்க வெளியூர் போனாள். வீடு வெறிச்சென்றானது. மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலாவது வாரம் சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாளே வாயைத் திறந்தார்.

"சரி, வரேன். ஒரே ஒரு தடவை."

அவர் கையில் எடுத்த தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது.

"ஆனா நிஜமான நேரத்தைச் சொல்லணும். பத்து நிமிஷம்னு ஒரு தடவை சொன்னாலும் அங்கயே திரும்பிடுவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல என்னைக் கூப்பிடக் கூடாது."

அவர் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் சங்கடம் புரிந்தது. பொய் சொல்லிச் சொல்லி, உண்மை என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. ஃப்ரேம் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் பூங்காவுக்குப் போனார், கையில் வாட்சோடு. "என்ன சார், ஆட்டு மந்தையை எங்க விட்டீங்க?" என்றார் வாசல் காவலர். "அளவெடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். லென்ஸ் போட்டுத் தரும் காகித உறை ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டங்கள் அச்சடித்திருக்கும். வலது கண் கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். வாசலிலிருந்து பாலம் இருபத்தைந்து. பாலத்திலிருந்து விழுந்த மரம் நாற்பது. அங்கிருந்து பாறைப்படி முப்பத்தைந்து. பாறைப்படியிலிருந்து உச்சி பதினெட்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி திரும்பும் பஸ்ஸில் அதையே நாலு முறை படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர். அந்த அம்மாள் கெட்டியான ஷூ போட்டு, மணிக்கட்டில் பெரிய வாட்ச் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாலத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் என்றார் இவர். போய்ச் சேர நாற்பது ஆயிற்று. சரி, முதல் ஏற்றம் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பாலத்தில் நின்று தொண்டையைச் செருமி, "விழுந்த மரத்துக்கு நாற்பது நிமிஷம்" என்று அறிவித்தார். வருடக்கணக்காகக் கூட வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் பதறிப்போனார்.

"நாற்பதா? இவ்வளவு நாளா பத்துதானே சார் இருந்துச்சு? பாதையை நீட்டிட்டாங்களா?"

நாற்பது ஒரு மணி பத்து நிமிஷமாக நீண்டது. அந்த அம்மாள் நிதானமாக, பூவையும் பூச்சியையும் பார்த்து, முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறவர். மரத்தடியில் வாட்சைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இவருக்கு இருந்தது. மற்ற நால்வரும் பொறுக்கமாட்டாமல் முன்னால் போய்விட்டார்கள். அவர்களைத் தடுக்கக்கூட இவருக்குத் தெம்பில்லை. முப்பத்தைந்து என்றது ஒரு மணி நேரமாகி, ஒருவழியாகப் பாறைப்படி வந்தது.

அதே கல். அந்த அம்மாள் அதே கல்லில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றீங்க, வேற ஒண்ணு ஆகுது. இதுக்கு உங்க பத்து நிமிஷமே தேவலாங்க. அது பொய்யின்னாவது தெரிஞ்சிருந்துச்சு."

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். "பொய் இல்லம்மா. எழுதி வெச்சிருக்கேன் பாரு. புதன்கிழமை நானே வந்து அளந்தேன்."

"புதன்கிழமை ஃப்ரேம் வாங்கல்ல போனீங்க?"

"இங்கதான் வந்தேன்."

அந்த அம்மாள் உறையைத் தூரப் பிடித்துப் படித்தார். எழுத்து நேர்கோட்டில், அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"யாரு நடந்து அளந்தது?"

"நான்தான்."

"உங்க காலுக்கு அளவெடுத்து என் காலுக்கு மாட்டினா?"

இருபத்தேழு வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஊரையே அதட்டிய வார்த்தை, மலை ஏறி வந்து அவரையே அதட்டியது.

"சரி, இப்பச் சொல்லுங்க. உச்சிக்கு இன்னும் எவ்வளவு?"

உறையில் பதினெட்டு என்று இருந்தது. நாக்கு நுனியில் பத்து இருந்தது. விரல்கள் தாமாகவே விரியப் பார்த்தன. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கீழே இறங்கும் பாதை அந்த அம்மாளின் காலடியிலிருந்தே தொடங்கியது.

"தெரியலம்மா" என்றார். "உன் காலுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. நீ முன்னால போ. நான் பின்னால வரேன்."

அந்த அம்மாள் கல்லில் கையை ஊன்றி எழுந்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தச் செருப்பாவது பிழைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

உச்சிப் பாறையில் தபால்காரர் கூட்டம் வெறுங்கையோடு காத்திருந்தது. ஆரஞ்சு அத்தனையும் இவர் பையில். கீழே ஏரி, காற்றில்லாமல், கரையின் மரங்களையெல்லாம் தலைகீழாகத் தாங்கிக்கொண்டு கிடந்தது. வழக்கமாக இந்த இடத்தில், என்னவோ அந்த ஏரியை அவரே வெட்டிவிட்டதுபோல் கையை வீசி ஒரு சொற்பொழிவு நடக்கும். பையை வாங்கிக்கொண்ட தபால்காரர் அதற்காக ஒரு சுளையை வாயில் போட்டுக் காத்திருந்தார்.

சொற்பொழிவு நடக்கவில்லை. மனிதர் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உறையை முழங்காலில் விரித்து வைத்திருந்தார்.

"கல்லை விட்டு எழுந்தப்ப மணி என்ன பார்த்தியா?"

அந்த அம்மாள் சொன்னார். கண் ஏரியிலேயே இருந்தது.

"இப்ப?"

ஏரியிலிருந்து பார்வையை எடுக்காமலே வாட்ச் கட்டிய கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினார். இவர் அந்த மணிக்கட்டைப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, முள்ளை உற்றுப் பார்த்தார். காலியாக இருந்த இடது கண் கட்டத்தில், பதினெட்டுக்கு நேராக, நாற்பத்தொன்று என்று எழுதினார். மறுபடி ஒருமுறை முள்ளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு அரையும் சேர்த்தார்.