கப்தான் சிங்கின் ஒன்பதரை விரல்

கப்தான் என்றால் கேப்டன். ஆனால் கப்தான் சிங் பட்டாளத்து வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பெயருக்காவது எவனாவது சல்யூட் அடிக்கட்டும் என்று அவன் அப்பன் வைத்த பெயர் அது. ஒருத்தனும் அடிக்கவில்லை. பஞ்சாபில் கோட் ஜண்ட் ஊரில் அவனைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் வேலை ஏவத்தான் கூப்பிட்டார்கள். "ஏய் கப்தானா, எருமைக்குத் தண்ணி காட்டு." "கப்தானா, அந்த மூட்டையத் தூக்கு." ஊரெல்லாம் தனக்கு உத்தரவு போடக் கேட்டு நின்ற கேப்டன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

வீடு ஊரின் மேற்குக் கோடியில். நிலம் வைத்திருக்கிற ஜாட்டுகள் கிழக்கே இருந்தார்கள். அவர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிற மஸபிகள் என்கிற தலித்துகள் மேற்கே. இரண்டு பக்கமும் சீக்கியர்கள்தான், இரண்டு பக்கமும் பெயருக்குப் பின்னால் சிங்தான். சுடுகாடு மட்டும் இரண்டு. சாம்பல் ஒட்டிக்கொண்டால் அப்புறம் பிரிக்க முடியாது, பாருங்கள்.

வாலிபத்தில் கப்தான் மொடாக்குடியன். கூலியை வாங்கிய கையோடு சாராயக் கடைக்குப் போய், வாய்க்கால் மேட்டில் விழுந்து, விடிந்ததும் வீட்டுக்கு வருகிற ரகம். ஒரு வைசாகித் திருவிழாவுக்கு ஆனந்த்பூர் போனவன் அமிர்தம் என்கிற சீக்கிய தீட்சை நீரைக் குடித்து, சாராயத்தை விட்டுத் திரும்பினான். பெண்டாட்டி நம்பவில்லை. "இது அறுவடை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டாள். எத்தனையோ அறுவடை தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து ஐந்து சின்னங்களும் அவன் உடம்பை விட்டு இறங்கவில்லை. வெட்டாத முடி. அதைக் காலையும் மாலையும் வாருகிற சின்ன மரச்சீப்பு. கையில் கடா என்கிற இரும்பு வளையம். தோளில் தொங்கும் கிர்பான் என்கிற குறுவாள். முழங்கால் தொடுகிற கச்சேரா என்கிற உள்ளாடை. குளிக்கும்போதுகூட ஈரக் கச்சேராவிலிருந்து ஒரு காலை மட்டும்தான் எடுப்பான். காய்ந்ததை அந்தக் காலில் மாட்டிய பிறகுதான் மற்ற கால் வெளியே வரும். குழாயடியில் பையன்கள் இதைப் பார்த்து, "சித்தப்பா, சர்க்கஸ் எப்ப?" என்பார்கள். அவன் பதில் சொல்வதில்லை. ஒற்றைக்காலில் நிற்கிறவன் பேசினால் விழுந்துவிடுவான்.

எதற்கு இத்தனை வேஷம் என்று யாராவது கேட்டால் மட்டும் பேசுவான். "மனசுக்குள்ள இருக்கறத எவன் பாத்தான்? பாட்டில எடுக்கக் கை நீட்டுனா வளையம் கண்ணுல படுது. உடனே கை கூசுது. அதுக்குத்தான். இன்னொண்ணு, இதெல்லாம் போட்டுட்டா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கோம். யார் மகன், எந்தத் தெருன்னு முகத்துல எழுதியா இருக்கு?"

முகத்தில் எழுதியில்லை என்பது சரிதான். கோட் ஜண்டில் முகத்தைப் பார்த்து யாரும் படிக்கவில்லையே.

ஒன்பதரை விரல் கதைக்கு வருவோம். கிழக்குத் தெருப் பல்கார் சிங் வீட்டுத் தொழுவத்தில் தீவனம் வெட்டும் மெஷினில் ஒருநாள் கப்தான் சோளத்தட்டை தள்ளிக்கொண்டிருந்தான். மூடி உடைந்து கிடந்தது. மாற்றச் சொல்லியாகிவிட்டது, மாற்றவில்லை. சுண்டுவிரலைப் பாதி தின்ற பிறகு கையையும் உள்ளே இழுத்தது மெஷின். கடா போய்ப் பற்களுக்கு நடுவே சிக்கி, சக்கரம் கிறீச்சென்று நின்றது. அந்த வளையத்தில் இன்னும் நெல்மணி அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. பல்கார் சிங் ஓடி வந்து முதலில் பார்த்தது மெஷினை. "பல்லு போயிடுச்சே," என்றார். கப்தான் தன் பல்லைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்தப் பல்கார் சிங்தான் ஊர் குருத்வாரா கமிட்டித் தலைவர். அவர் தாடி கத்தரியும் சாயமும் சேர்ந்து செய்த கைவேலை. கார் பின்கண்ணாடியில் கட்டில் அகலத்துக்கு வாள் படம் ஒட்டியிருந்தார். அவர் மருமகப்பிள்ளை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, முழங்கையில் வாளைப் பச்சை குத்திக்கொண்டு திரிந்தான். கையில் கடா மட்டும் கலப்பைக் கொழு கனம். சின்னங்கள் எதிலும் அந்த வீட்டில் குறைவில்லை, உடம்பில் இருக்க வேண்டியவை காரில் இருந்தன. அவ்வளவுதான்.

திடீரென்று பல்கார் சிங் தாடியை வளரவிட்டார். கூட்டங்களில் சொறிந்துகொண்டே பேசினார். விஷயம் பிறகு தெரிந்தது. நகரத்துப் பெரிய கமிட்டிக்குத் தேர்தல் வருகிறது, அமிர்தம் குடித்தவர்தான் நிற்கலாம். ஆகவே ஊரில் அமிர்த விழா வைப்பது என்று தீர்மானம் ஆனது. தலைவரோடு இன்னும் இருபது முப்பது பேர் குடிக்கலாம்.

அமிர்தம் கொடுக்க ஐந்து பேர் வேண்டும். ஐந்து சின்னமும் பழுதில்லாமல் வைத்திருக்கும் ஐந்து சிங்குகள். கிரந்தி மெஹங்கா சிங், வேதம் படிப்பவர், விரல் மடக்கினார். நான் ஒன்று. பட்டாளத்திலிருந்து ஓய்வான கிழவர் இரண்டு. தச்சர் மூன்று. பால் டிப்போக்காரர் நான்கு. ஐந்தாவது விரல் மடங்காமல் நின்றது. கிழக்குத் தெரு முழுக்கத் தேடினார்கள். ஒருத்தர் தாடியைக் குறைத்திருந்தார், ஒருத்தர் மகன் கல்யாணத்தில் குடித்து ஆடியது வீடியோவில் இருந்தது, ஒருத்தர் கிர்பானை ஆணியில் மாட்டிவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"ஆள் இருக்கே. கப்தான் சிங்," என்றார் மெஹங்கா சிங்.

கமிட்டி அறைக்கு வெளியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கப்தானின் கை நின்றது. குருத்வாராவின் பொதுச் சாப்பாடான லங்கரில் அவன் வேலை பாத்திரம் தேய்ப்பது. பருப்புக் கரண்டியைத் தொடாதே என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. யாரும் சொல்லாத விஷயங்களைத்தான் அந்த ஊர் கறாராகக் கடைப்பிடித்தது.

பல்கார் சிங் தாடியைச் சொறிந்தார். "நல்ல ஆள்தான், பாயீஜி. நான் ஏதாவது சொல்வேனா? ஆனா மரபுன்னு ஒண்ணு இருக்கே. அஞ்சு பேர்ல நிக்கறவனுக்கு அங்கத்துல குறை இருக்கக் கூடாது. அவனுக்கு விரல் இல்லையே."

"அரை விரல்தானே தலைவரே."

"குறைல அரை என்ன, முழுசு என்ன?"

"அது உங்க மெஷின்ல போனது."

"அதுக்காக மெஷினையா அஞ்சாவதா நிறுத்த முடியும்?" என்றார் பல்கார் சிங். கமிட்டி சிரித்தது. சிரிப்பில் தீர்மானம் நிறைவேறியது. நகரத்திலிருந்து ஐந்தாவது ஆளை வரவழைப்பார்கள். கப்தானுக்கு வாசல் காவல்.

இதில் ஒரு சிக்கல். கிரந்தி ஏற்கெனவே காதில் போட்டுவைத்ததை நம்பி, கப்தான் தன் மகளிடம் சொல்லியிருந்தான். பெயர் சுக்மன். பிளஸ் டூ படிக்கிறாள், நாக்கு மட்டும் வக்கீலுக்குப் படித்தது. அவளும் அமிர்தம் குடிக்கப் போகிறாள். பாப்பு, அதாவது அப்பா, கையால் குடிப்பேன் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் தலை வாரிக்கொண்டே சொன்னான். "நான் வாசல்ல நிக்கறேன். ஈட்டியோட. அதுவும் பெரிய சேவைதான்."

சுக்மன் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "விரலா?"

"விரல்."

"விரல் முளைச்சா தெருவச் சொல்வாங்க. தெருவும் மாறுனா சாமி படியில செருப்பு வெச்சேன்னு இன்னொண்ணு சொல்வாங்க." கொஞ்ச நேரம் மாவைக் குத்தினாள். "எனக்கு வேண்டாம் பாப்பு. அவங்க கையால நான் குடிக்கல."

"அது அவங்க கை இல்ல. அஞ்சு பேர் நின்னா அங்க குருதான் நிக்கறார்."

"அப்ப குருவுக்கு மட்டும் எதுக்கு நகரத்துலேர்ந்து கார்?"

சீப்பில் சிக்கிய ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றினான், முழு விரலில். "குடிச்சிடு கண்ணு," என்றான். "எனக்காக."

விழா நாள் காலை கப்தான் கஞ்சி போட்ட நீலத் தலைப்பாகையில், ஈட்டி பிடித்து வாசலில் நின்றான். கார் வந்தது. பல்கார் சிங் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து நெடுநெடுவென்று ஒருவர் இறங்கினார். தொப்புள்வரை நீண்ட தாடி, கணுக்காலுக்குமேல் அங்கி, வெள்ளிப் பிடி போட்ட கிர்பான்.

"பாயீ நச்சத்தர் சிங் கால்சா," என்று கமிட்டிக்கு அறிமுகம் செய்தார் தலைவர், சொந்தத் தோட்டத்தில் விளைந்ததைக் காட்டுவதுபோல.

கப்தான் ஆளை அடையாளம் கண்டுகொண்டான். நச்சத்தர் அவன் பெண்டாட்டியின் சித்தப்பா மகன். பக்கத்து ஜில்லாவில் அதே மாதிரி ஒரு மேற்குத் தெருவில் பிறந்தவன். கப்தான் கல்யாணத்தில் மாப்பிள்ளைச் செருப்பைத் திருடி ஒளித்தவன். நகரத்துக்கு ஓடிப்போனவன் பிறகு திரும்பவே இல்லை. இப்போது தெரிகிறது ஏன் என்று. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கலாம் என்று கப்தான் இருபது வருஷம் சொன்னதை, இவன் போய் நடத்தியே காட்டிவிட்டான். அதற்குத் தன்னை யாருக்கும் தெரியாத ஊர் தேவைப்பட்டது.

நச்சத்தரும் பார்த்துவிட்டார். கை கூப்பி, "வாஹேகுருஜி கா கால்சா," என்றார். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு வைக்கிற முறையான வணக்கம்.

"வாஹேகுருஜி கி ஃபதே," என்று வணக்கத்தின் மறுபாதியைத் திருப்பிக் கொடுத்தான் கப்தான். கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே வரிசையாக உட்கார்ந்தார்கள். பல்கார் சிங் முதலிடத்தில். இதற்கு ஒரு வாரமாகக் கணக்குப் போட்டிருந்தார். இரும்புக் கிண்ணம் ஒன்றுதான், எல்லாரும் வாய் வைப்பது அதில்தான். முதலில் உட்கார்ந்தால் யார் வாய் பட்டதையும் குடிக்க வேண்டியதில்லை. மேற்குத் தெருப் பிள்ளைகளை வால்பக்கம் உட்கார வைத்தார்கள். கடைசியில் சுக்மன்.

ஐந்து பேரும் கிண்ணத்தைச் சுற்றி ஒரு முழங்காலை மண்டியிட்டு உட்கார்ந்து, சர்க்கரை வில்லை கரைந்த தண்ணீரை இருமுனை வாளால் கலக்கிக்கொண்டே பிரார்த்தனைப் பாடல்கள் சொன்னார்கள். பிறகு நச்சத்தர் எழுந்து நின்று, குடிக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "இன்னையிலேர்ந்து உங்க பழைய குலம் ஒழிஞ்சது. ஜாதி ஒழிஞ்சது. உங்க அப்பா குரு கோவிந்த் சிங், உங்க அம்மா சாஹிப் கௌர். நீங்க எல்லாரும் ஒரே வீடு." குரல் ஒரு இடத்தில் உடைந்தது. பக்தி என்று நினைத்து நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாசலில் இருந்தவனுக்கு மட்டும் அது பயம் என்று தெரியும்.

நச்சத்தர் கையால் பல்கார் சிங் வாயிலும் கண்ணிலும் முடியிலும் அமிர்தம் விழுந்தது. அவர் வாய் திறந்த தினுசைப் பார்த்தால் குருவிக் கூட்டுக் குஞ்சு தோற்கும். அப்புறம் கிண்ணம் வரிசையில் கைமாறிப் போனது. தலைவர், அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கடைசியில் சுக்மன்.

கிண்ணத்தில் இன்னும் இருந்தது. மிச்சம் வைக்கக் கூடாது.

"வந்த வழியே திருப்புங்க," என்றார் மெஹங்கா சிங் சாதுவாக. பழைய முறை அப்படித்தான். கிண்ணம் தலையிலிருந்து வாலுக்குப் போகும், வாலிலிருந்து தலைக்குத் திரும்பும். குருத்வாராவுக்குத் தலைவராக இத்தனை வருஷம் இருந்தும் பல்கார் சிங் ஒரு அமிர்த விழாவைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. சுக்மன் நன்றாக வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்த கைக்குக் கொடுத்தாள். முப்பது வாய் தாண்டி கடைசிச் சொட்டு தலைவருக்கு வந்தது. ஐந்து பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி குடித்தார்.

வாசலில் கப்தான் ஈட்டி நுனியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான்.

எல்லாம் முடிந்து முற்றத்தில் கூட்டம். பல்கார் சிங் புதுக் கிர்பானைத் தடவிக்கொண்டே நச்சத்தரின் தோளில் கை போட்டார். "சிங்னா இப்படி இருக்கணும்யா. முகத்தப் பாத்தாலே தெரியுது, நம்ம ரத்தம்."

சுக்மன் அப்பனை ஒட்டி வந்து நின்றாள். "பாப்பு, அவர் அம்மாவோட கல்யாணப் போட்டோல இருக்கார். செருப்பு திருடுன மாமா."

"தெரியும்."

"சொல்லட்டுமா? ஒரே ஒரு வார்த்தை."

அவள் சொல்லியிருப்பாள். பல்கார் சிங்கின் வாய் திறந்த திறப்பிலேயே நிற்கும். அதைப் பார்க்க கப்தான் மீதி ஒன்பதரை விரலையும் கொடுப்பான். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். கிண்ணத்தைப் பாலால் கழுவுவார்கள். நடந்தது செல்லாது, வேறு ஐந்து பேரைக் கொண்டுவா என்பார்கள். சுக்மன் குடித்ததும் அதோடு செல்லாது.

"வேண்டாம்," என்றான். "நீ குடிச்சது குடிச்சதா இருக்கட்டும்."

"கப்தானா," என்று கூப்பிட்டார் தலைவர். குலம் ஒழிந்து அரை மணிகூட ஆகவில்லை, குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "பாயீ சாஹிப் செருப்ப எடுத்து வை."

கப்தான் ஈட்டியைச் சாய்த்துவிட்டுச் செருப்பைக் கொண்டுவந்து குனிந்து வைத்தான். செருப்புத் துடைப்பதும் சேவைதான், அதில் அவனுக்குக் கூச்சம் இருந்ததில்லை. நச்சத்தர் தடுப்பார் என்று ஒரு நொடி நினைத்தான். நச்சத்தர் கால்களை நுழைத்துக்கொண்டார். தாடிக்குள் உதடு அசையாமல் கேட்டார்.

"அக்கா நல்லா இருக்காளா?"

கப்தான் நிமிரவில்லை. "எந்த அக்கா? குலம் ஒழிஞ்சதுன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க."

கார் போனது. தூசியில் கை கூப்பியபடி எல்லாரும் நின்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை லங்கரில் சுக்மன் பருப்பு வாளியை எடுத்தாள். பல்கார் சிங் வந்து, ரொம்ப அன்பாக, வாளியை அவள் கையிலிருந்து வாங்கினார். "கனமா இருக்கும்மா. நீ அப்பாவுக்கு உதவி பண்ணு." பழையபடி அவர் தாடியில் கத்தரி விளையாட ஆரம்பித்திருந்தது. தேர்தல் முடிந்துவிட்டது.

அவள் குழாயடிக்கு வந்து அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புது வளையம் தளர்வாக இருந்தது, தேய்க்கும்போது முழங்கைவரை ஓடியது. கொஞ்ச நேரம் இரண்டு இரும்பும் பித்தளைமேல் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன.

"பொண்ணுங்களும் அஞ்சு பேர்ல நிக்கலாமாம், பாப்பு. கிரந்தி பாயீஜி சொன்னார். தடை ஒண்ணும் இல்லையாம்." சாம்பல் அப்பிய கைகளை விரித்துக் காட்டினாள். "எனக்குப் பத்து விரலும் இருக்கு."

கப்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"பத்திரமா வெச்சுக்க," என்றான். "தலைவர் வீட்டு மெஷினுக்கு இன்னும் மூடி போடல."