எழுதாத பரீட்சை

அந்த அகராதி அலுவலகம் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் டர்பன்டைன் நெடி, மூடினால் புழுக்கம். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவது அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘அகராதியக்கா’. வீட்டில் கணவன், நாத்தனார், அவள், மூவர்தான். நாத்தனார் என்றுதான் பெயர். இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

அப்போது அவள் மேஜைக்கு வந்த சொல் ‘புரூவ்’. ‘நிரூபி’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பழைய அகராதிகளைப் புரட்டினால் சொல் வேறு கதை சொன்னது. அதன் வேர் ‘நல்ல’, ‘நேர்மையான’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒன்று நல்லதுதானா என்று சோதித்துப் பார்ப்பதும், உண்மை என்று நிலைநாட்டுவதும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. ரொட்டி மாவைப் பொங்க விடுவதற்குக்கூட ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

“மாவுக்கும் பரீட்சையா அண்ணி?” என்று நாத்தனார் சிரித்தாள்.

அந்த நாட்களில்தான் போன் வர ஆரம்பித்தது. தெரியாத ஆண் குரல். “உங்க பேச்சு நல்லா இருக்குங்க. ஒரு தடவை பார்க்கலாமா?” அவள் துண்டித்தாள். மறுபடி வந்தது. “இன்னைக்குப் பச்சைப் புடவை எடுப்பா இருக்கு” என்றான். அன்றிலிருந்து அவள் தெருவில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

கணவனிடம் சொன்னாள். “ராங் நம்பரா இருக்கும், கண்டுக்காத” என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நாத்தனார்தான் தோளை அணைத்து, “வேற வழியா போங்க அண்ணி” என்றாள்.

ஒரு காலையில் அவள் செருப்பை மாட்டினாள். “நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“வேணாம் அண்ணி!” நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

கணவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். “என் பிரண்டுதான் பேசினான், நான் சொல்லித்தான். உன்னைப் பத்தி நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க, எனக்கும் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப என்ன, நீ பாஸ் பண்ணிட்டே இல்ல?”

“நான் எழுதாத பரீட்சையில எப்படிங்க பாஸ் ஆவேன்?”

அவள் நாத்தனாரிடம் திரும்பினாள். “புடவை கலரை நீயா சொன்னே?”

“அண்ணன் சொல்லச் சொன்னாரு. நீங்க ஜெயிப்பீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி.”

“தெரிஞ்சுமா பயமுறுத்தினே?”

அன்றே துணிமணிகளை எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அந்த நண்பன்மேல் புகாரும் கொடுத்தாள். ஸ்டேஷனில் அவன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு, சோதித்துப்பார் என்ற பொருளை அவள் முதலில் வைத்தாள். “இப்ப யாரும் அந்த அர்த்தத்துல பேசறதில்லையேம்மா” என்றார் பதிப்பாசிரியர்.

“பேசறதில்ல சார். செய்றாங்க.”

அவர் வழக்கிலுள்ள பொருளையே முதலில் போட்டார். அவள் வாதாடவில்லை.

கணவன் ஆள்மேல் ஆள் அனுப்பினான். அவள் போகவில்லை. அவனைப் பற்றி நினைக்கும்போது வந்த கோபம் நாளடைவில் ஆறியது. நாத்தனார் ஒருநாள் விடுதி வாசலில் வந்து நின்றாள். முகம் வாடி, ஆள் பாதியாகியிருந்தாள். “ஒரு வார்த்தை திட்டிடுங்க அண்ணி” என்று அழுதாள்.

திட்ட வார்த்தை வரவில்லை. உள்ளே வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாத்தனார் திரும்பிப் போக அடுத்த பஸ் வரும்வரை இருவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.