அண்ணி வாங்கிய விடுமுறை வீடு

அந்தக் கதவை அண்ணி திறந்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. லூமுட் பக்கம், கடலைப் பார்த்தபடி நின்ற நான்கு மாடி விடுதி அது. எங்களுக்கு ஒதுக்கிய வீட்டின் சாவியைக் கீழே முகப்பில் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் படியேறிப் போனார். செருப்பை வெளியே கழற்றி விட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் கூடையிலிருந்து புதுப் பானை ஒன்று வெளியே வந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது. ஈப்போவிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்திருந்த பசும்பாலை அதில் ஊற்றி மின்சார அடுப்பில் ஏற்றிக் கற்பூரம் கொளுத்தினார். வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து தங்கிப் போகிற விடுதியில், என் அண்ணி புதுமனை புகுந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பைச் சுற்றி ஓடிக் கருகியது. கற்பூர வாடைக்கு ஓடிவந்த மலாய்க் காவலாளிக்கும் ஒரு குவளை பால் கொடுத்தார். "ருமா பாரு" என்று சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னார். புது வீடு.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. நான் கல்யாணமாகி அந்தக் குடும்பத்துக்குப் போனபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு மூன்று பேரை வளர்த்து ஆளாக்கியவர். என் கணவர் ஈப்போவில் லாரிக் கம்பெனி வேலைக்கு வந்தார். அவருடைய தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனார். கடைசித் தங்கையைச் சித்தியவானில் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணி மட்டும் யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் மூன்று பேரும் தத்தம் குடும்பத்தோடு, தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில் இருந்த அந்த லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒரு அறையும் ஒரு குசினியும் உள்ள வீடு. பிள்ளைகள் பாயில் வரிசையாகப் படுக்க, ஆண்கள் முன்வாசலில் படுக்க, நாங்கள் குசினியில் முறுக்குச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அண்ணி பேசவே மாட்டார். எல்லோரையும் பார்த்துக்கொண்டு இருப்பார். அவருக்கு அதுவே போதும்.

பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஒரு பக்கம் வீட்டு மனைகளாக அளந்தார்கள். லயங்களைக் காலி செய்யச் சொல்லித் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினார்கள். மூன்று தலைமுறை இருந்த வீடு. அண்ணி அதிலிருந்து அம்மிக்கல்லையும் சாமிப் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஈப்போ வந்தார். மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் வாடகைக்கு இடம் பிடித்தார். ரப்பர் கையுறை செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மரத்தில் வடிந்த பாலைச் சுமந்தவர், அதே பாலில் முக்கியெடுத்த கையுறைகளை இப்போது ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடத் தீபாவளிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அண்ணியின் வீட்டில் எல்லோரும் காலையில் சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் சித்தியவான் மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். சிங்கப்பூர்க் கொழுந்தன் டவுனில் ஹோட்டல் எடுத்திருந்தார். "உங்களுக்கு ஏன்க்கா சிரமம்?" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் வீடு காலியாகிவிட்டது. விரித்துவைத்த பாய்களை அண்ணி ஒவ்வொன்றாகச் சுருட்டி மூலையில் நிறுத்தியதை நான் பார்த்தேன்.

அண்ணியின் வீட்டுக்கு மேல்மாடியில் ஈயச்சுரங்கத்தில் கணக்கெழுதிய கிராணி ஒருவர் குடியிருந்தார். ஈய விலை விழுந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கும் வேலை போய்விட்டது. வேலையில் இருந்தபோது விடுமுறைச் சங்கம் ஒன்றில் உறுப்பியம் வாங்கியிருந்தார். வருடாவருடம் கணக்கில் இத்தனை பாயிண்ட் சேரும். அந்தப் பாயிண்டைக் கொடுத்துக் கடற்கரை விடுதியில் தங்கிக்கொள்ளலாம். அதை அவர் கைமாற்றிவிடப் பார்த்தார். அண்ணி படியில் வைத்து அவரிடம் பேசியபோது நானும் கூட இருந்தேன்.

"புதுசா வாங்குனா இதுக்கு நாலு பங்கு கொடுக்கணும்க்கா. நான் சும்மா மாதிரி விடுறேன். ஆறு பேரு தங்கலாம், குசினி இருக்கு, கடல் இருக்கு. வருசம் பொறந்தா பாயிண்டு தானா வந்து விழும்லா."

"நம்ம ஆயுசுக்கும் வருமா?"

"அதுக்கு மேலயும் வரும்க்கா."

"வருசா வருசம் ஏதாச்சும் கட்டணுமா தம்பி?"

"சின்ன காசுதான். கூட்டிப் பெருக்குறதுக்கு."

அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. கழுத்தில் கிடந்த பாரத்தை இறக்கிவைக்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். அண்ணி சீட்டுப் பணத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். நான் அப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் நடந்தது வெறும் பேச்சு என்று இருந்துவிட்டேன்; வாங்கிவிட்டதை அண்ணி எங்களிடம் சொன்னதே கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான். எல்லோரையும் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. "நமக்கு மறுபடியும் ஒரு வீடு இருக்குலா" என்று ஒவ்வொருவருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

முதல் வருடம் தீபாவளிக்குச் சித்தியவானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துவிட்டார்கள். அந்த மூன்று நாளைப் போல அண்ணி சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் மணலில் உருண்டுவிட்டு வந்து தரையெல்லாம் மண்ணாக்கினார்கள், அவர் திட்டவில்லை. நண்டு வாங்கிக் குழம்பு வைத்தார். கொழுந்தன் பழைய தோட்டத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். புறப்படும்போது முகப்பில் இருந்த பெண் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆறு பேருக்கு மேல் தங்கியதற்கும், பால் வழிந்து கருகிய அடுப்பைத் துலக்குவதற்கும் தனிக் கட்டணம். மற்றவர்கள் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கட்டிவிட்டு, "சாவிய கொடுத்துட்டு வாரேன்னு சொன்னேன்ல, அதான் நேரமாச்சு" என்றபடி வந்து ஏறிக்கொண்டார்.

அதன் பிறகுதான் உண்மையான செலவு ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. பெயரை மாற்றிக்கொடுக்கச் சங்கம் கேட்ட தொகை, கிராணிக்குக் கொடுத்ததைவிட அதிகம். அவர் இரண்டு வருடமாகப் பராமரிப்புப் பணம் கட்டியிருக்கவில்லை. அந்தப் பாக்கியும் உறுப்பியத்தோடு சேர்ந்து அண்ணியிடம் வந்துவிட்டது. அந்தச் 'சின்ன காசு' அண்ணியின் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஆண்டுதோறும் ஏறியது. தங்கினாலும் கட்ட வேண்டும், தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட அவரை நொறுக்கியது வேறொன்று. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் இரண்டு மடங்கு பாயிண்ட் வேண்டுமாம். முதல் வருடம் நாங்கள் தங்கியதே, கிராணி பயன்படுத்தாமல் விட்ட பாயிண்ட் சேர்ந்து கிடந்ததால்தான். இனி அண்ணியின் கணக்கில் விழுவது மழைக்காலத்தில் ஏதோ ஒரு செவ்வாய், புதன் தங்குவதற்குத்தான் காணும். எங்கள் வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "விலை ஒரு தடவைதான்மா. செலவுக்கு முடிவே கிடையாது. இந்த ஒப்பந்தக் காலம் முடியும்போது உங்க அண்ணிக்கு நூறு வயசுக்கு மேல இருக்கும்" என்றார்.

இதை அண்ணியிடம் சொன்னேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தாங்கலாம், நானே எல்லோரிடமும் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்; நிமிரவில்லை.

"அக்கா வீட்டுக்கு வர்ற தம்பிகிட்ட யாராச்சும் வாடகை கேப்பாங்களாம்மா? வாயத் தொறக்காத."

அடுத்த வருடம் தீபாவளிக்கு ஏன் கடற்கரைக்குப் போகவில்லை என்று தொலைபேசியில் கேட்டார்கள். இடம் நிறைந்துவிட்டது என்று அண்ணி சொன்னார். "உங்களுக்குத்தான் பாயிண்டு இருக்கே, முன்னாடியே சொல்லி வைக்கக் கூடாதா?" என்று சித்தியவான் நாத்தனார் கோபித்துக்கொண்டாள். ஈப்போவுக்கு அவள் வரவில்லை. கடல் இல்லையென்றால் எதற்கு அலைச்சல் என்று அவள் வீட்டில் நினைத்திருக்கலாம். அண்ணி மிகைநேர வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். கையுறை மாவு ஒட்டி அவர் விரல்கள் வெடித்திருந்தன. முழங்கால் வீங்கிப் படியேற முடியாமல் நின்று நின்று ஏறினார்.

ஒருமுறை பாயிண்ட் வீணாகிவிடுமே என்று மழைக்காலத்து வார நாள் ஒன்றில் அவரும் நானும் மட்டும் பேருந்தில் போனோம். எனக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைத்திருந்தது. ஆறு பேருக்கான வீட்டில் இரண்டு பேர். பழக்கத்தில் அவர் பெரிய பானை நிறையச் சோறு வடித்துவிட்டார். மத்தியானம் முழுக்க மழை. கடல் எது, வானம் எது என்று தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், "லயத்து வீட்டுக்கு நாம வாடகை கட்டல. அது நம்மளோடதுன்னு நெனச்சிட்டு இருந்தோம். இதுக்கு மாசம் பூரா ஒழைச்சுக் கட்டுறேன். இதுவும் நம்மளோடது இல்ல" என்றார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தோம்.

விஷயம் கடைசியில் என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளாது என்று தெரிந்ததும், யாரிடமாவது தள்ளிவிடுவதுதான் வழி என்று அலைந்தார். லாரிக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஆசையோடு கேட்டான். சுங்கை சிப்புட்காரன், கல்யாணமாகிச் சில மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அண்ணியின் வீட்டுக்கு வந்தான். நாங்களும் போயிருந்தோம். "கடல், குசினி, ஆறு பேரு. அத மட்டும் சொல்லுங்கக்கா. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று என் கணவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பெண் காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க அம்மா, அத்தை எல்லாரையும் கூட்டிட்டுப் போலாம்லக்கா? அவுங்க கடல்ல கால் நனைச்சதே இல்ல" என்று கேட்டாள்.

அண்ணி அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். பெயர் மாற்றும் பணம், வருடாவருடம் கட்டுவது, அது ஏறுவது, விடுமுறைக்கு இரண்டு மடங்கு, விட நினைத்தால் விட முடியாதது. ஒன்றையும் மறைக்கவில்லை. என் கணவர் இரண்டு முறை இடையில் பேச வந்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அப்படின்னா நீங்க ஏன்க்கா வாங்கினீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குச் சொல்றதுக்கு ஆளு இல்லம்மா."

அவர்கள் போன பிறகு என் கணவர் சத்தம் போட்டார். "தப்பிச்சிருக்கலாம்லக்கா! இனிமே எவன் வருவான்?"

"அந்தப் பொண்ணு கழுத்துல கயிறு இன்னும் மஞ்சள் மாறலடா. அது தலையில ஏத்தச் சொல்றியா?"

அதோடு பேச்சு முடிந்தது. பிறகு யாரும் வரவில்லை.

இப்போது பேரங்காடிகளில் விடுமுறைச் சங்கத்து இளைஞர்கள் வழிமறித்து, இலவசத் தங்கல் என்று வண்ணத்தாளை நீட்டுகிறார்கள். வருடத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும், விட்டுப் போக வழி உண்டா என்று இரண்டே கேள்விதான் கேட்கிறேன். அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். இந்தக் கேள்விகளை என்னிடம் தந்துவிட்டுப் போன அண்ணி, எண்பதுகளின் கடைசியில் ஒரு விடியற்காலை, தொழிற்சாலைப் பேருந்துக்காக நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் அவர் கெஞ்சிக் கேட்டு வேலையை நீட்டித்திருந்தார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் எங்கள் வீட்டில் நடந்தது. சிங்கப்பூர்க் கொழுந்தன் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார். நாத்தனார் முதல் நாளே வந்துவிட்டாள். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். படையல் முடிந்து எல்லோரும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. என் கணவர் எடுத்தார். விடுமுறைச் சங்கத்திலிருந்து ஒரு பெண். அவ்வருடப் பணம் இன்னும் வரவில்லை என்றாள். உறுப்பினர் இறந்துவிட்டார் என்று இவர் மலாயில் சொன்னார். அவள் வருத்தம் தெரிவித்தாள். பிறகு, உறுப்பியத்தை அடுத்து யார் பெயருக்கு மாற்றுவது, பிள்ளைகள் உண்டா, உடன்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

என் கணவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாக் அடா சியாபா" என்றார் என் கணவர். யாரும் இல்லை.

மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.