தணிகாசலம் விட்டுவைத்த பாதிக் காற்று

போன மாதம் ஒரு புதன்கிழமை. முதல் ஷிஃப்ட் முடிந்து மணி இரண்டேகால் ஆகியும் தணிகாசலம் என்னை மாற்றிவிட வரவில்லை. பம்ப் ஆபரேட்டர் வேலையில், ரிலீவர், அதாவது அடுத்த ஆள், வந்து பொறுப்பேற்காமல் இருக்கிறவர் இடத்தை விட்டு நகரக்கூடாது. பசி வயிற்றைக் கிள்ளியது. வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்போம் என்று காத்திருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. மந்தாரக்குப்பத்தில் தன் வீட்டு வாசலில் ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்தவர் நிமிரவே இல்லை என்றார்கள். கேட்பதற்காகச் சேர்த்துவைத்த வார்த்தைகளை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

என்னைவிட அவர் நான்கே மாதம் மூத்தவர். நேரில் 'யோவ்' என்றுதான் கூப்பிடுவேன். இப்போது 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் பரமக்குடிக்காரன்; குளிப்பதற்கே கிணற்றில் தண்ணீர் தேடிய ஊர். அவர் சேத்தியாத்தோப்புப் பக்கம், வெள்ளாற்றில் நீந்தி வளர்ந்தவர். நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, மேலே மழை கொட்டுகிறது. இரண்டையும் இறைக்காவிட்டால் சுரங்கம் ஏரியாகிவிடும். "தண்ணிக்கு லீவு கெடையாதுய்யா. அது வந்துகினே இருக்கும், நாம அனுப்பிகினே இருக்கணும்" என்பார் தணிகாசலம். எந்த பம்ப் நோவெடுத்து ஓடுகிறது என்பதை இருபது அடி தள்ளி நின்று காதாலேயே சொல்லிவிடுவார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரிந்த சேதிதான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழை நாள். சுரங்கத்தின் அடியில் மழைத் தண்ணீர் சேரும் பள்ளத்தில், மிதவைமேல் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து மிதவைக்குப் போக ஒற்றைப் பலகை. ஷிஃப்ட் மாறும் நேரம் அவரோடு அந்தப் பலகையில் நடந்தபோது நான் வழுக்கி விழுந்தேன். அந்தத் தண்ணீர் கரிக் கறுப்பு. உள்ளே கண்ணைத் திறந்தால் மூடியிருப்பது போலவே இருந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போனது. தணிகாசலம் குதித்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

அதன்பின் என்னால் அந்தப் பலகையில் கால் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு முறையாவது மிதவைக்குப் போய் பம்பைப் பார்த்தாக வேண்டும். அதனால் அவர் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, என் வேலையை எனக்காகச் செய்தார். ஐந்து மாதம் இப்படி ஓட்டினோம். அடுத்த மழைக்காலத்தில் மணிக்கொரு தரம் மிதவைக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும், இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். அவரோ மறுநாளும் முன்னதாகவே வந்து நிற்பார்.

அந்தப் பங்குனியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ராமேஸ்வரம் போனோம். என் மனைவியின் தம்பி முருகேசன் மண்டபத்தில், கடல் ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கவும் பழகியிருந்தான். "தீவுப் பக்கம் பவளப்பாறை இருக்கு. பெரிய பாறைக்கு அடியில ஒரு ஆமை வந்து தூங்கும். அதப் பாக்காம ஊருக்குப் போகக்கூடாது" என்றான். ஆராய்ச்சிக் குழுத் தலைவரிடம் கேட்டு, தனக்கு ஒரு சிலிண்டரும் விருந்தாளிக்கு ஒரு சிலிண்டரும் வாங்கிவந்தான். விருந்தாளி யார் என்ற பேச்சே எழவில்லை. நான் படகின் நடுப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தணிகாசலம் முருகேசனோடு இறங்கினார். மேலே குமிழிகள் மட்டும் வந்தன. கொஞ்ச நேரத்தில் இருவரும் மேலே வந்துவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "என்னய்யா, பயந்துட்டியா?" என்று கத்தினேன். அவர் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, காற்றின் அளவைக் காட்டும் முள்ளை என் பக்கம் திருப்பினார்.

"பாதி இருக்குது, பாரு. ஷிஃப்ட்டு மாறு."

"விளையாடாத. நான் வரல."

"ரிலீவர் வராம நான் எப்பிடிய்யா எடத்த வுட்டுப் போறது? நீ எறங்குற வரிக்கும் மேல ஏற மாட்டேன். இங்கியே மெதந்துகினு கெடப்பேன்."

சொன்னபடியே, படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். கால் மணி நேரம் கெஞ்சினேன், திட்டினேன். மனுஷன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அவர் முகம் சிவந்துபோனதைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன்.

முருகேசன் அவர் சிலிண்டரை என் முதுகுக்கு மாற்றிக் கட்டி, முதலில் என்னை ஏணியிலேயே நிறுத்தி, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னான். "மூச்ச மட்டும் அடக்காதீக மச்சான். வாயால இழுங்க, வாயால விடுங்க." முகக் கண்ணாடிக்குள் நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். இழுத்தேன், காற்று வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் வந்தது. கண்ணைத் திறந்தேன்.

தண்ணீருக்குள் வெளிச்சம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அடி தெரிந்தது. இரண்டு ஆள் ஆழத்தில் மணல் தெரிந்தது, மணலில் என் நிழல் தெரிந்தது. முருகேசன் கையைப் பிடித்து மெல்ல இறக்கினான். மான்கொம்புகள் கூட்டமாக முளைத்தது போலப் பவளம், நுனியில் ஊதா நிறம். அந்தக் கிளைகளுக்குள் சுண்டுவிரல் அளவு நீல மீன்கள் நுழைவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தன. பச்சை மீன் ஒன்று பாறையைக் கடித்துத் தின்றது. பக்கத்து வீட்டில் முறுக்குத் தின்கிற மாதிரி சத்தம் கேட்டது. அங்கே எதற்கும் என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. யாரும் இறைக்காமல், யாரும் காவல் இருக்காமல் அத்தனை தண்ணீரும் தன் பாட்டுக்கு நின்றது. இத்தனை வருடமாக நான் விரட்டிக்கொண்டிருந்தது இதையா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடிக்குள் அழுதேன்.

பெரிய பாறைக்கு அடியில் ஆமை இருந்தது. வண்டிச் சக்கரம் அளவு முதுகு. நாங்கள் அருகே போனதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. அவசரமே இல்லாத பார்வை. பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

கரைக்கு வந்தபின் முருகேசன் தனியாகச் சொன்னான்: "அவுகளையும் ஆமைகிட்டதான் கூட்டிட்டுப் போனேன் மச்சான். இன்னும் பத்துக் கை வீச்சு தூரம்தான் இருந்துச்சு. முள்ளப் பாத்தாக, பாதிக்கு வந்துருச்சுன்னு கையக் காட்டித் திரும்பிட்டாக." பயந்துவிட்டாயா என்று கத்திய என் வாயை எங்கே வைத்துக்கொள்வது?

ஊர் திரும்பிய முதல் ஷிஃப்டிலேயே பலகையில் ஏறினேன். ஒவ்வொரு அடியாக வைத்து மிதவைவரை நடந்தேன். கறுப்புத் தண்ணீருக்கும் ஓர் அடி இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. தணிகாசலம் கரையில் நின்று, என்னைப் பார்க்காதவர் போலப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் முன்னதாக வரவில்லை. சரியான நேரத்துக்கு வந்தார்.

ஆனால் ஷிஃப்ட் மாற்றும்போதெல்லாம், எந்த பம்ப் ஓடுகிறது, எது நிற்கிறது என்று கேட்டு முடித்ததும், "செரி, ஆமையச் சொல்லு" என்பார். நான் சொல்வேன். "அடுத்த பங்குனிக்குப் போயிடணும்யா" என்பார். ஒரு பங்குனியில் அவர் மகள் கல்யாணம் வந்தது, ஒரு பங்குனியில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிறகு முருகேசனும் அந்த வேலையை விட்டுவிட்டான். அவர் அந்தக் கடலுக்குத் திரும்பப் போகவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "கடலுக்குள்ள ஒரு ஆம கண்ணத் தொறந்து அவரயே பாத்துச்சாமே அண்ணே. எங்க வூட்ல புள்ளைங்களுக்கு அத எத்தினி வாட்டி சொல்லியிருப்பாரு! நெசமாவா? நீங்களும் கூட இருந்தீங்களாமே?"

"நெசம்தாம்மா. அவரத்தான் பாத்துச்சு" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அப்போது நான் இழுத்த மூச்சு அவர் பங்கு. அவர் போனபின் என்னிடம் இருப்பதும் அதுதான்.