தனி அறையில் யாருமில்லை

ஜூன் 9: தனி அறையில் 11 பேர்.
ஆகஸ்ட் 4: 5 பேர்.
அக்டோபர் 6 முதல்: யாருமில்லை.

இவை சிறப்பாசிரியை தம் வருகைப் பதிவேட்டில் எழுதியவை. கற்கக் கூடுதல் உதவி தேவைப்பட்டதால் தனி அறையில் படித்த பதினொரு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அவரவர் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார். தாமும் அங்கே போய், அவர்களுக்கு ஏற்றபடி பாடம் நடத்த மற்ற ஆசிரியர்களைப் பழக்கினார்.

கணக்கு வாத்தியாருக்கு முதலில் அது வேப்பங்காயாகக் கசந்தது. பிறகு அவரே வந்து சொன்னார்: "இனிமே போர்டைப் பார்த்துப் பேச மாட்டேன் டீச்சர். அந்தக் காது கேக்காத பொண்ணு என் உதட்டைப் பார்த்துத்தான் படிக்கிறா. முதுகைக் காட்டினா முறைக்கிறா!"

தலைமையாசிரியரோ பதிவேட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்களேம்மா! அந்த ரூம்ல ஆள் இருந்தாத்தான் உங்களுக்கு வேலை. பழைய பதினொண்ணையே எழுதுங்க."

"அப்படி எழுதினா, ஆய்வாளர் வர்ற அன்னைக்கு பிள்ளைங்களைத் திரும்ப அங்க அடைக்கணும். மாட்டேன் சார்."

"பிடிவாதம் சோறு போடாதும்மா."

"போடாட்டிப் போகட்டும். நான் போனாலும் இவங்க வகுப்பை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அதுக்குத்தான் எல்லாரையும் பழக்கினேன்."

கல்வி அலுவலகம் மூன்று முறை விளக்கம் கேட்டது. மூன்று முறையும், 'அங்கே யாருமில்லை, வகுப்புகளில் வந்து எண்ணிக்கொள்ளுங்கள்' என்றே பதில் எழுதினார். கடைசிக் கடிதத்தில் இரண்டு வரிகள் இருந்தன. அவருடைய பணியிடம் நீக்கப்படுகிறது. பிள்ளைகள் அவரவர் வகுப்பிலேயே தொடர்வார்கள். அது வந்து சேர்ந்த நாள் பிப்ரவரி 17, செவ்வாய்.