சுருக்குப்பையில் ஒரு பிட்டு

சுனாமிக்கு மறு வருஷம், ஐம்பத்தாறு வயதில், தபாலில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். பரீட்சை சிதம்பரத்தில். தோற்றால் மருமகள் சிரிப்பாளே என்ற பயத்தில், பூதக்கண்ணாடி வைத்துக் கடுகளவு எழுத்தில் பிட்டு எழுதினேன். கையெழுத்து பிடிக்காமல் நாலு தடவை திருப்பி எழுதி, சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் ஒளித்தேன்.

ஹாலில் எல்லோரையும் சோதித்த மேடம், என்னிடம் வந்ததும், "நீங்க உக்காருங்கம்மா, உங்களைப் போயி செக் பண்ணுவாங்களா!" என்றார். உடம்பே கூசியது. ஆனாலும் மூன்றாம் கேள்விக்குப் பிட்டை எடுத்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி கடலூரில், என் வீட்டில் இருந்தது!

வேறு வழியில்லாமல் பேனாவை ஓட்டினேன். எழுதி எழுதிப் பார்த்ததெல்லாம் வரிவரியாக வந்தது. "மேடம், இன்னொரு ஷீட் குடுங்க" என்று முதலில் கேட்டது நான்தான்.

பாஸானேன். அடுத்த வருஷமும் பிட்டு எழுதினேன். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.