கேட்டில் நனைந்த ஆறு கார்டுகள்

எங்கள் பண்ணையில் முட்டைக்கோழிகளைத் தேர்வு செய்வதும் கழிப்பதும் என் வேலை. என் வீட்டுக்காரர் தீவனம், லாரி, வியாபாரி என்று வெளிவேலைகளைப் பார்த்துக்கொள்வார். கூண்டுக்குள் கையை விட்டு, இது இடுகிற கோழி, இது தின்றுவிட்டுத் தூங்குகிற கோழி என்று பிரித்துப் போட நாமக்கல் பக்கம் என்னை மிஞ்ச ஆளில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த என் தம்பி, கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு நாள் பையோடு வந்து நின்றான். வயது முப்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு அவனுக்கு எல்லாமே நான்தான். பண்ணை வீட்டு மாடி அறையில் நான்கு மாதம் இருந்தான். சோறு போட்டால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், மேலே போய்விடுவான். பேச்சு என்பதே இல்லை. சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசி வாத்தியாரிடம் அடி வாங்கியவன் இப்படி ஊமையாகச் சுற்றுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "மாப்ள என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்கள். நான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு நாள் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, கிரிப்டோ மைனிங் பண்ணலாம்னு இருக்கறேன். கிராபிக்ஸ் கார்டு ஆறு வேணும். ராத்திரி பகலா ஓடோணும். உன்ற பண்ணைல ஜெனரேட்டர் இருக்குது, பெரிய பெரிய ஃபேன் இருக்குது. பழைய தீவன ரூம் மட்டும் குடு."

அவன் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான். எங்கோ கண்ணுக்குத் தெரியாத காசு ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் கணக்கை உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் போட்டி போட்டுச் செய்கின்றன. செய்கிற கம்ப்யூட்டருக்கு அந்தக் காசிலேயே துளித்துளியாகக் கூலி. அந்தக் கணக்கை மற்ற எதைவிடவும் வேகமாகப் போடுவது, வீடியோ கேம் ஆடுவதற்காகச் செய்த கிராபிக்ஸ் கார்டு. ஆனால் கரண்டைக் குடித்துத் தீர்க்கும்.

"கெணத்துக்குத்தான் கரண்டு சும்மா வருதே" என்று மெல்ல இழுத்தான்.

"கெணத்துக்கு உட்டது கெணத்துக்கு. மீட்டர் ஓடற லைன்ல ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லீன்னா மாடிக்குப் போயிப் படு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

அதற்கு மேல் ஒரு நிபந்தனையும் போட்டேன்: கார்டை நான்தான் எடுப்பேன். அவன் சின்ன வயதிலிருந்தே பளபளப்பைக் கண்டால் பல்லை இளிப்பான். பொங்கலுக்குச் சட்டை எடுக்கப் போனால் ஜிகினா ஒட்டியதைத்தான் தூக்குவான்.

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு தாளில் பட்டியல் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை வாட் தின்னும், எவ்வளவு வேகத்தில் கணக்குப் போடும் என்று எதிரெதிரே எழுதியிருந்தான். எனக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. இது என் தொழில்! எவ்வளவு தீவனத்துக்கு எத்தனை முட்டை? பட்டியலில் முதலில் இருந்த ராட்சசக் கார்டு நிறைய இட்டது, ஆனால் யானைத் தீனி தின்றது. நாலாவதாக இருந்த நடுத்தரக் கார்டு அதில் பாதிக்கு மேலே இட்டது, தின்றதோ மூன்றில் ஒரு பங்கு.

"இதுதான் கோழி" என்று விரலை வைத்தேன்.

"அதேதான் நானும் நெனச்சேன். இதுல இன்னமும் வோல்டேஜைக் கொறைச்சு ஓட்டலாம். தீனி கொறையும், முட்டை அவ்வளவா கொறையாது."

அப்படி ஒரு கோழியை நான் இருபது வருடத்தில் பார்த்ததில்லை. அவனையே சந்தேகமாகப் பார்த்தேன். மெமரி நாலு ஜிபி உள்ளதை வாங்கக் கூடாது, இப்போது அந்தக் கணக்கு அதில் கொள்ளாது, எட்டு ஜிபியாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னான். குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சேலம் போனோம். ஃபேர்லேண்ட்ஸில் ஏசி போட்ட கடையில் புதுக் கார்டு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். விலையைக் கேட்டதும் எனக்கு ஏசியிலும் வேர்த்தது. பழையது விற்கிறவர் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறார் என்று அங்கேயே ஒருவர் சொன்னார். மளிகை மண்டிக்கு மேல் மாடி. மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே படியேறினோம்.

கடைக்காரர் மேசைமேல் இரண்டு வரிசையாகக் கார்டுகளைப் பரப்பினார். ஒரு வரிசை கண்ணாடி மாதிரி மின்னியது, வண்ண விளக்கெல்லாம் பதித்திருந்தது. இன்னொன்று மங்கலாக, ஓரமெல்லாம் தூசி படிந்து கிடந்தது. தம்பியின் கை தன்னால் மின்னுகிற பக்கம் போனது. தட்டிவிட்டேன்.

கோழியில் ஒரு சங்கதி உண்டு. விடாமல் முட்டையிடுகிற கோழிக்குக் காலில் உள்ள மஞ்சள் வெளுத்துப்போகும், இறகு கலைந்து கிடக்கும். கால் மஞ்சளாய், மேனி மினுமினுப்பாய் நிற்பது சும்மா தின்கிற கோழி. புதிதாய் வருகிறவர்கள் அழகானதை வைத்துக்கொண்டு உழைப்பதைக் கழித்துவிடுவார்கள். நான் மங்கல் வரிசையில் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். ஃபேனை விரலால் சுற்றிவிட்டுக் காதருகே வைத்தேன். கரகரப்பு இல்லை. மோந்து பார்த்தேன், கருகல் வாடை இல்லை. திருகாணிகளின் தலை தேயவில்லை, அப்படியென்றால் யாரும் கழற்றி நோண்டவில்லை. மின்னுகிற வரிசையில் எல்லாத் திருகாணிக்கும் தலை மழுங்கியிருந்தது.

"அக்கா, நீங்க எந்தக் கம்பெனில இன்ஜினீயருங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கோழிப்பண்ணைங்க. ஒவ்வொன்னையும் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க. முட்டை வைக்கறதப் பாக்காம நான் கோழி எடுக்கறதில்லீங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். தம்பியின் திருப்திக்காக மின்னுகிற கார்டு ஒன்றையும் போடச் சொன்னேன். பத்தாவது நிமிடம் திரை முழுக்கக் கோடு கோடாக வந்து நின்றுவிட்டது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான்கு மாதத்தில் முதல்முறையாக அவன் உதட்டோரம் லேசாக ஏறியது. அன்றைக்கு நான் அடைந்த பெருமையில், தும்மல்கூட வராமல் படியிறங்கினேன்.

அவன் கையிருப்பு முழுக்க அந்த ஆறு கார்டுகளில் போயிருந்தது. வழியில் ஆடாமல் இருக்க, காரில் கிடந்த அட்டை முட்டைத் தட்டுகளுக்கு இடையில் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினோம். குழிக்குள் பாந்தமாக உட்கார்ந்தன.

இனி என் பண்ணையின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து எது வந்தாலும் கேட்டில் கிருமிநாசினி அடிக்காமல் உள்ளே விடக் கூடாது. ஆளானால் மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் வெளியே போய்வந்த முட்டைத் தட்டு. நோய் அதில்தான் ஏறி வரும். அந்த மாதம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கோழிகள் செத்து விழுந்துகொண்டிருந்ததால், கேட்டுக் காவலுக்கு இருந்த அக்காவிடம், "சாமியே வந்தாலும் மருந்தடிச்சுத்தான் உள்ள உடோணும். தட்டுன்னா பிரிச்சு, ஒவ்வொன்னா, ரெண்டு பக்கமும்" என்று சொல்லியிருந்தேன்.

கட்டிய தட்டுகளைக் கேட்டில் இறக்கி வைத்துவிட்டு நானும் தம்பியும் உடை மாற்றப் போனோம். திரும்பி வந்தபோது அந்த அக்கா தட்டுகளைப் பிரித்து, ஆறு கார்டுகளையும் திட்டின்மேல் வரிசையாக வைத்து, ஸ்பிரேயரால் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் நனைத்து முடித்திருந்தார். ஃபேன்களிலிருந்து மருந்துத் தண்ணீர் சொட்டியது.

நான் போட்ட சத்தத்தில் ஷெட்டில் இருந்த கோழியெல்லாம் கத்த ஆரம்பித்தது. கண் தெரியாதா, மூளை இருக்கிறதா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கதானுங்கம்மா சொன்னீங்க, சாமியே வந்தாலும்னு..."

அவர் சொன்னது நிஜம்தான். தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். தம்பி என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கையிருப்பும் போய், மறுபடியும் மாடி அறைக்கே போய்விடுவான் என்று நினைத்தேன். அவனோ குனிந்து ஒரு கார்டைத் தூக்கி உதறினான்.

"அக்கா, கரண்டு குடுக்காத வரைக்கும் ஒன்னும் ஆகாதுங்க. நல்ல தண்ணில அலசிக் காய வெக்கோணும். வாங்க, ஆளுக்கு மூனு எடுத்துக்கலாம்" என்றான். அந்த 'அக்கா' நான் இல்லை, கேட்டு அக்கா.

வெயிலில் வைத்தால் தூசி ஏறும். ஈரமில்லாமல், ஒரே சூடாக, காற்றோட்டமாக இருக்கிற இடம் பண்ணையில் ஒன்றே ஒன்று: குஞ்சுக் கொட்டகை. ஒரு வாரக் குஞ்சுகளுக்கு அங்கே எந்நேரமும் அனல் போட்டிருப்போம். பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீர் வாங்கி வந்து கார்டுகளை அலசினான். பிறகு உத்தரக் கம்பியில் நூல் கட்டி ஆறையும் தொங்கவிட்டான். கீழே ஆயிரக்கணக்கில் மஞ்சள் குஞ்சுகள் கீச்சிட, மேலே கார்டுகள் ஆடின. மணிக்கு ஒரு தடவை அவனும் அந்த அக்காவும் போய்த் திருப்பிவிட்டு வந்தார்கள். மூன்று நாளும் மாடி அறைப் பக்கமே அவன் போகவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறான் என்று நான் அளந்துவிட்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையைக் கட்டில்மேல் வைத்து, "கேட்டா கம்பெனின்னு மட்டும் சொல்லு, வெலாவாரியாப் பேசாத" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர்கள் வந்தபோது அவன் கைலியோடு குஞ்சுக் கொட்டகைக்குள் நின்றான். பெண்ணும் அப்பா அம்மாவோடு வந்திருந்தாள், சேலத்தில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறவள். கொட்டகைக்குள் யாரையும் விட மாட்டேன் என்பதால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

"கம்பெனி எங்கீங்க மாப்ள?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

தம்பி தலைக்கு மேலே கையைக் காட்டினான். "அதுதானுங்க. காஞ்சுட்டிருக்குது."

எனக்கு மண்ணுக்குள் புகுந்துகொள்ளலாம் போல் இருந்தது. அந்தப் பெண் வலையில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"தண்ணில மட்டும் அலசினா மருந்து அடில தங்கிக்குமுங்க. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சீங்களா?"

"இல்லீங்களே. எந்த ஸ்பிரிட்டுங்க?"

அவ்வளவுதான். வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் கீச்சுக் கீச்சு. நான் காப்பி கொண்டுவந்தேன், ஆறிப்போனது, மறுபடி கொண்டுவந்தேன். வாட் என்கிறான், மெமரி என்கிறான், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். சின்ன வயதில் வாத்தியாரிடம் அடி வாங்கிய அதே வாய். எனக்குக் கண் கலங்கி, தட்டோடு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை அவள் சொன்ன ஸ்பிரிட்டை வாங்கித் துடைத்துக் கார்டுகளை மாட்டினான். ஐந்து உயிரோடு வந்தன, ஒன்று போய்விட்டது. புதன்கிழமை ராசிபுரத்திலிருந்து சம்மதம் வந்தது.

ஐந்தும் ஏழு மாதம் ஓடின. கரண்டுக்குப் போகக் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. அப்புறம் அந்தக் காசுக்காரர்கள், கார்டே வேண்டாம், வேறு வழியில் கணக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்று மாற்றிவிட்டார்கள். தம்பி ஒன்றும் வருத்தப்படவில்லை. கார்டுகளைக் கேம் ஆடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, இப்போது பண்ணைகளுக்கான மென்பொருள் எழுதுகிறான். முதலில் வாங்கியது நான்தான், அதிலும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, கூண்டுக்குள் கைவிட்டுக் கோழி பார்ப்பது எப்படி என்று தம்பி பெண்டாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்ப்பேட்டைக் கதையையும் பத்தாவது முறையாகச் சொன்னேன். எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று முடித்தேன்.

"ஏம் புள்ள, வேலையில்லாத மாப்ளய நீ எப்படி எடுத்த?" என்று சும்மா சீண்டினேன்.

"அன்னிக்குக் கேட்டுல காரு டயருக்கு மருந்தடிக்கறப்பவே அந்தக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க அண்ணி. கார்டை நனைச்சது நாந்தான், அந்தத் தம்பி கையில இருந்த காசெல்லாம் அதுலதான் இருந்துச்சு, ஆனா எம்மேல ஒரு சொல்லு சொல்லல, கூடச் சேத்துக்கிட்டு அலசுச்சுன்னாங்க. வலைக்கிட்ட வர்றதுக்கு முந்தியே நான் சரின்னு முடிவு பண்ணிட்டனுங்க."

அன்று நான் திட்டியதையும் அந்த அக்கா சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சொல்லவில்லை. என் தம்பிக்குப் பெண் தேடி ஊர் ஊராகப் பொய் சொல்லித் திரிந்தவள் நான். கேட்டில் ஸ்பிரேயரோடு நின்று, தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு, என் தப்பை மறைத்து, கல்யாணத்தை முடித்துவைத்தவர் அவர். அவருக்கு நான் இன்றுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது நெஞ்சில் உறைத்தது.

கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க. சொன்னது நாந்தான், நீங்க சொன்னபடி செஞ்சீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் எழுந்து நின்றார். கண் ஓரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கென்னங்கம்மா" என்றார். நான் திரும்பி உள்ளே நடக்க, பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏனுங்கம்மா, கால நனைச்சுட்டுப் போங்க."